படிக்காமல் விட்ட நான்கு வரிகள்: ஓர் எழுத்துரு எனக்கு வைத்த செலவு

நான் மதுரையில் வீட்டிலிருந்தபடியே பாக்கெட், லேபிள், அட்டைப்பெட்டி ஆகியவற்றுக்கு வடிவமைப்பு செய்து கொடுப்பவன். அதற்கு முன் சிவகாசியில் ஓர் அச்சகத்தின் டிடிபி பிரிவில் 11 ஆண்டுகள் வேலை பார்த்தேன். எந்த மென்பொருளை நிறுவினாலும் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று ஒரு கட்டம் வருமல்லவா, அதற்கு மேலே எழுதியிருப்பதைப் படித்துவிட்டு டிக் போட்டதாக எனக்கு ஒருமுறைகூட நினைவில்லை. பக்கத்து இருக்கைக்காரர்கள் படித்தும் நான் பார்த்ததில்லை. உரிமம் வாங்காமல் பயன்படுத்திய ஓர் எழுத்துருவால் (ஃபான்ட்) 2024 ஜனவரி முதல் மே வரை நான் பட்ட பாட்டைப் பற்றி என் தொழிலில் இருக்கும் யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. அது நடந்தபோது யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. என்னைப் போல் தனியாக உட்கார்ந்து வேலை செய்யும் வடிவமைப்பாளர்களுக்கும் சிறு தொழில் நடத்துபவர்களுக்கும் பயன்படும் என்பதால், பணக் கணக்கை மறைக்காமல் எழுதுகிறேன்.

2021 அக்டோபரில், விருதுநகர்ப் பக்கம் மசாலாப் பொடி தயாரிக்கும் ஒரு குடும்பத்துக்குப் பாக்கெட் வடிவமைக்கும் வேலை வந்தது. தொழிலை நடத்துபவர் என்னைவிட மூத்தவர். அவரை நான் அக்கா என்றுதான் அழைப்பேன். சாம்பார் பொடிக்கும் ரசப்பொடிக்குமாக 100 கிராம், 500 கிராம் என இரண்டு அளவுகள். இரண்டு பொடிக்கும் ஒரே பவுச், பொடியின் பெயர் மட்டும் பின்னர் ஸ்டிக்கராக ஒட்டப்படும். பிராண்டின் பெயரை ஆங்கில எழுத்தில், தூரிகையால் எழுதியது போல் வேண்டும் என்று கேட்டார். இரவு பதினொன்றரை மணிக்கு இலவச எழுத்துருக்கள் கிடைக்கும் ஒரு தளத்தில் தேடி, பிடித்த ஒன்றைப் பதிவிறக்கினேன். ஜிப் கோப்பைப் பிரித்தபோது மூன்று கோப்புகள் இருந்தன. இரண்டு எழுத்துருக் கோப்புகள், ஒன்று 1 கேபி அளவுள்ள உரைக் கோப்பு. எழுத்துருவை நிறுவினேன், உரைக் கோப்பைத் திறக்கவில்லை. மறுநாள் காலை மாதிரி அனுப்பினேன், அக்காவுக்குப் பிடித்துவிட்டது. அந்த வேலைக்கு நான் வாங்கிய கூலி 6,000 ரூபாய்.

அந்த உரைக் கோப்பில் இருந்தது நான்கே வரிகள். சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே இந்த எழுத்துரு இலவசம். விற்பனைப் பொருள், விளம்பரம், வணிகச் சின்னம் ஆகியவற்றுக்கு உரிமம் வாங்க வேண்டும். வாங்கும் இடம் இது. கேள்வி இருந்தால் இந்த முகவரிக்கு எழுதவும். உரிமத்தின் விலை அப்போது 39 டாலர், அன்றைய மதிப்பில் 3,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அக்காவிடம் கேட்டிருந்தால் மறுபேச்சில்லாமல் கொடுத்திருப்பார். இந்த நான்கு வரிகளை நான் முதன்முதலாகப் படித்தது இரண்டேகால் ஆண்டுகள் கழித்து, பழைய வன்தட்டைத் தூசி தட்டித் தேடி எடுத்த ஒரு நள்ளிரவில்.

எழுத்துருவின் உரிமம் பற்றிக் கேட்டு எழுதிய முதல் மின்னஞ்சல் எனக்கு வரவில்லை. பாக்கெட்டில் அச்சிட்டிருந்த அக்காவின் முகவரிக்கு வந்தது. பொடிகளை அவர் இணையச் சந்தையில் விற்கத் தொடங்கியிருந்தார், அங்கே பாக்கெட்டின் படம் பெரிதாக, தெளிவாக இருக்கும். அதைப் பார்த்துத்தான் எழுத்துரு நிறுவனத்தின் தரப்பில் கண்டுபிடித்திருக்கிறார்கள். அக்கா அந்த மின்னஞ்சலைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, “தம்பி, இது என்னன்னு பாருங்க, எனக்கு ஒண்ணும் புரியல” என்றார். நான் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, “இதெல்லாம் ஏமாத்து வேலைக்கா, விட்டுடுங்க” என்று பதில் போட்டேன். இந்தக் கதையில் நான் செய்த இரண்டாவது தவறு அது. முதல் தவறைவிட அதிகச் செலவு வைத்ததும் அதுவே என்று இன்றும் நினைக்கிறேன். மூன்று வாரம் கழித்து டெல்லியில் உள்ள ஒரு வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உரிமமின்றி விற்பனைப் பொருளில் பயன்படுத்தியது, முதல் கடிதத்துக்குப் பதில் அளிக்காதது எல்லாவற்றையும் சொல்லி 4,200 டாலர் கேட்டிருந்தார்கள். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 3,49,000 ரூபாய்.

பயத்தைவிட வெட்கம்தான் அதிகம் பிடுங்கியது. என்னை நம்பி வேலை கொடுத்த ஒரு பெண்மணியின் பெயருக்கு நோட்டீஸ் வரும்படி செய்துவிட்டேன். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் அந்தத் தாளில் இருந்த ‘சிறை’ என்ற சொல்லை அவர் மகன் படித்துச் சொல்லியிருந்தான். மூன்று நாட்கள் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் நடமாடினேன், நான்காம் நாள்தான் மனைவியிடம் சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வி, “எழுத்துக்கு எப்படிங்க காசு கேக்கறாங்க?” என்பது. நியாயமான கேள்வி, பதில் எனக்கே அப்போது தெரியாது.

பிறகு தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். எழுத்துரு என்று நாம் சொல்வது படம் அல்ல, அது ஒரு மென்பொருள் கோப்பு. ஒவ்வோர் எழுத்தின் வளைவும், எழுத்துகளுக்கு இடையே விடவேண்டிய இடைவெளியும், எந்த எழுத்துக்குப் பின் எது வந்தால் எப்படி இணையவேண்டும் என்ற விதிகளும் அதற்குள் எழுதப்பட்டிருக்கின்றன. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்ற வகையில் சேர்த்துப் பாதுகாக்கிறது. அதே சட்டத்தின் 63பி பிரிவு, உரிமையை மீறிய நிரல் பிரதியைத் தெரிந்தே கணினியில் பயன்படுத்துபவருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 முதல் 2,00,000 ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. நோட்டீஸில் இருந்த சிறை இதுதான். நான் ஆலோசனை கேட்ட மதுரை வழக்கறிஞர் அந்தப் பத்தியில் ‘தெரிந்தே’ என்ற சொல்லைப் பென்சிலால் வட்டமிட்டுக் காட்டி, “இதை வச்சு யாரையும் உடனே உள்ள தள்ளிட முடியாது, முதல்ல நிம்மதியாத் தூங்குங்க” என்றார். அன்று அவருக்குக் கொடுத்த பணம் வீண் போகவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு நம்பிக்கை உண்டு. எழுத்தைக் கோரல்டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளில் ‘கன்வர்ட் டு கர்வ்ஸ்’ கொடுத்து வடிவமாக மாற்றிவிட்டால், அதற்குப் பிறகு அது எழுத்துருவே அல்ல, யாரும் எதுவும் கேட்க முடியாது என்று. நானும் அதையே சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். வழக்கறிஞர் அதை ஒரே கேள்வியில் முடித்தார்: மாற்றுவதற்கு முன் அந்தக் கோப்பு என் கணினியில் எந்த அனுமதியோடு இருந்தது? எழுத்தின் வெறும் வடிவத்துக்கு எவ்வளவு பாதுகாப்பு உண்டு என்று நீதிமன்றத்தில் வாதாடலாம்தான். அந்த வாதத்தை நடத்த ஆகும் செலவு அவர்கள் கேட்கும் தொகையைத் தாண்டிவிடும் என்றார். எனக்கு இன்னொரு யோசனையும் இருந்தது. நான் எந்த இடத்திலும் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அழுத்தவில்லையே, நிபந்தனை எப்படி என்னைக் கட்டும்? இணையத்தில் தேடியதில் 2002இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் நெட்ஸ்கேப் நிறுவனத்துக்கு எதிராக அளித்த தீர்ப்பு ஒன்று கிடைத்தது. பதிவிறக்கும் பொத்தானுக்குக் கீழே, திரையை நகர்த்தினால் மட்டுமே தெரியும் இடத்தில் நிபந்தனைகளை வைத்துவிட்டுப் பயனர் அவற்றை ஏற்றுக்கொண்டார் என்று சொல்ல முடியாது என்பது அதன் சாரம். பெரிய புதையல் கிடைத்தது போல் அதை அச்செடுத்துக்கொண்டு போனேன். அவர் சிரித்தார். “நிபந்தனையை ஏத்துக்கலைன்னா, பயன்படுத்தற அனுமதியே உங்களுக்கு இல்லைன்னு ஆயிடும். அனுமதி இருந்ததே அந்த நாலு வரியாலதான்.” அதைக் கேட்ட பிறகு வாதாடும் எண்ணத்தை விட்டுவிட்டேன்.

தூக்கம் வராத அந்த இரவுகளில், நிபந்தனைகளைப் படிக்காதவர்கள் உலகில் எத்தனை பேர் என்று தேடித் தேடிப் படித்தேன். ஆறுதலுக்காகத்தான். ஜொனாதன் ஓபார், ஆன் ஓல்டார்ஃப்-ஹர்ஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 543 கல்லூரி மாணவர்களிடம், இல்லாத ஒரு சமூக வலைத்தளத்தில் சேரச் சொல்லிச் சோதித்திருக்கிறார்கள். அதன் நிபந்தனைகளைப் படிக்க ஒரு கால் மணி நேரமாவது ஆகும். மாணவர்கள் சராசரியாக அதில் செலவிட்டது 51 விநாடி. கட்டணமாக முதல் குழந்தையைக் கொடுத்துவிட வேண்டும் என்ற வரி அதில் இருந்ததை 98 விழுக்காட்டினர் கவனிக்கவில்லை. 2005இல் பிசி பிட்ஸ்டாப் என்ற மென்பொருள் நிறுவனம், தன் நிபந்தனைகளுக்குள் இந்த முகவரிக்கு எழுதினால் பரிசு உண்டு என்று ஒரு வரியை ஒளித்து வைத்தது. நான்கு மாதம் கழித்து, 3,000 பதிவிறக்கங்களுக்குப் பிறகுதான் ஒருவர் எழுதி 1,000 டாலர் பெற்றார். ஓர் அமெரிக்கர் தாம் போகும் தளங்களின் தனியுரிமைக் கொள்கைகளை மட்டும் முழுதாகப் படித்தாலே ஆண்டுக்கு 200 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தினர் 2008இல் கணக்கிட்டிருக்கிறார்கள். யாராலும் முடியாத காரியத்தை எல்லோரிடமும் எதிர்பார்க்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஆறுதல் எனக்குப் பொருந்தவில்லை. என் முன்னால் இருந்தது நாற்பது பக்கச் சட்ட மொழி அல்ல. நான்கு வரி, எளிய ஆங்கிலம், அரை நிமிட வேலை. நீண்ட நிபந்தனைகளைப் படித்துப் பயனில்லை என்று பழகிய கை, குட்டி நிபந்தனையையும் அதே வேகத்தில் தள்ளிவிட்டுப் போயிருக்கிறது.

பேச்சுவார்த்தை எப்படி நடந்தது என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கேதான் கொஞ்சம் பணம் மிஞ்சியது. முதலில், நோட்டீஸ் அனுப்பியவர்கள் உண்மையிலேயே எழுத்துரு நிறுவனத்தின் சார்பில் பேசுகிறார்களா என்று உறுதிசெய்தேன். நோட்டீஸில் இருந்த இணைப்பை அழுத்தாமல், அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்குப் போய் அங்குள்ள முகவரிக்கு எழுதிக் கேட்டேன். இரண்டு நாளில் ஆம் என்று பதில் வந்தது. இந்த வேலையை முதல் மின்னஞ்சல் வந்த அன்றே செய்திருந்தால் நோட்டீஸ் வரை போயிருக்காது. அடுத்து, அக்காவை இதில் இழுக்க வேண்டாம், எழுத்தைத் தேர்ந்தெடுத்தது நான், இனி என்னிடம் பேசுங்கள் என்று எழுதினேன். தொகையை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று கேட்டேன். ஆண்டுக்கு லட்சக்கணக்கில் பாக்கெட் விற்கும் பெரிய நிறுவனத்துக்கான கட்டணத்தைப் போட்டிருந்தார்கள் என்பது அதில்தான் தெரிந்தது. அச்சகத்தின் பில்களையும், நான் வாங்கிய 6,000 ரூபாய்க்கான ரசீதையும் இணைத்து அனுப்பினேன். தொலைபேசியில் எதையும் பேசவில்லை, எல்லாமே எழுத்தில், அதுவும் வழக்கறிஞர் ஒருமுறை படித்துப் பார்த்த பிறகு. பழைய கோப்புகளை அழித்துவிடலாமா என்ற சபலம் வந்தது. அழித்திருந்தால், தெரிந்தே செய்தேன் என்பதற்கு நானே சாட்சி ஏற்படுத்திக் கொடுத்ததாகியிருக்கும். ஏழு வாரக் கடிதப் போக்குவரத்துக்குப் பின் 900 டாலருக்கு ஒப்புக்கொண்டார்கள். வங்கிக் கட்டணம் சேர்த்து 77,300 ரூபாய். கூடவே ஒரு நிபந்தனை: 90 நாளுக்குள் அந்த எழுத்து பாக்கெட்டிலிருந்து போய்விட வேண்டும். இந்தமுறை ஒப்பந்தத்தின் ஆறு பக்கத்தையும் எழுத்தெண்ணிப் படித்தேன். 30 நாள் என்று இருந்ததை 90 ஆக்கியது அப்படிப் படித்ததால்தான்.

எழுத்தை மாற்றுவது கணினியில் பத்து நிமிட வேலை. அச்சில் அப்படி இல்லை. இந்த வகைப் பவுச் கிரேவியர் முறையில் அச்சாகிறது. ஒவ்வொரு வண்ணத்துக்கும் செம்பு பூசிய ஓர் இரும்பு சிலிண்டரில் படத்தைச் செதுக்குவார்கள். எங்கள் பாக்கெட்டில் ஏழு வண்ணம், பெயர் மட்டும் நான்கு வண்ணங்களில் வந்தது. இரண்டு அளவுக்கும் சேர்த்து எட்டு சிலிண்டர்களைப் புதிதாகச் செதுக்க வேண்டியிருந்தது. ஒன்றுக்கு 6,500 ரூபாய் வீதம் 52,000 ரூபாய். கையிருப்பில் 310 கிலோ அச்சிட்ட ரோல் இருந்தது. 90 நாளில் 130 கிலோதான் ஓடியது; மீதி 180 கிலோ, கிலோ 290 ரூபாய் என்று 52,200 ரூபாய்க்கு வாங்கியது, பழைய பிளாஸ்டிக் விலைக்குப் போனது. வழக்கறிஞருக்கு 10,000. ரோல் நட்டத்தையும் நானே ஏற்கிறேன் என்று சொன்னபோது அக்கா ஒப்பவில்லை. “வித்து லாபம் பாத்தது நான்தானே தம்பி, அது என் கணக்குல இருக்கட்டும்” என்றார். அதைக் கழித்துப் பார்த்தால் என் கையிலிருந்து போனது 1,39,300 ரூபாய். நகையை அடகு வைத்துத்தான் கட்டினேன். மீட்க ஓராண்டு ஆயிற்று. அந்த நான்கு மாதத்தில் புதிய வேலை எதையும் மனம் ஒன்றிச் செய்ய முடியாமல் இரண்டு வாடிக்கையாளர்கள் வேறு இடம் போனது தனி.

இப்போது நான் என்ன செய்கிறேன் என்றால், எல்லாவற்றையும் படிப்பதில்லை. பொழுதுபோக்குச் செயலிகளுக்கு முன்போலவே டிக் போட்டுவிடுகிறேன். எனக்கு வருமானம் தரும் வேலையில் பயன்படும் எதையும் படிக்காமல் தொடுவதில்லை. அதிலும் முதலிலிருந்து கடைசிவரை படிப்பது கிடையாது. ஆங்கில உரையில் கன்ட்ரோல்-எஃப் கொடுத்து ‘பர்சனல்’, ‘கமர்ஷியல்’, ‘லோகோ’, ‘டிரேட்மார்க்’, ‘ரீசேல்’, ‘டெர்மினேஷன்’ ஆகிய சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி, அவை வரும் பத்திகளை மட்டும் நிதானமாகப் படிக்கிறேன். கடைசிச் சொல் முக்கியம். சந்தா நின்றால் ஏற்கனவே செய்த வேலைகளைப் பயன்படுத்தலாமா கூடாதா என்பது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். வீடு, மாணவர் என்ற பெயரில் மலிவாகக் கிடைக்கும் மென்பொருள் பதிப்புகளில் வணிக வேலைக்குத் தடை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். உரைக் கோப்பு இல்லாமல் வரும் எழுத்துருவாக இருந்தால், விண்டோஸில் அந்தக் கோப்பை வலது சொடுக்கி, பண்புகளில் விவரங்கள் பகுதியைப் பார்த்தால் பதிப்புரிமைக் குறிப்பு இருக்கும். பல எழுத்துருக்களில் உரிமம் பற்றிய வரியும் அங்கேயே இருக்கும். பதிவிறக்கும் நாளில் நிபந்தனைப் பக்கத்தைப் பிடிஎஃப்பாகச் சேமித்து, பணம் கட்டிய ரசீதோடு அந்த வேலையின் ஃபோல்டரிலேயே போட்டு வைக்கிறேன். தளங்கள் நிபந்தனைகளை மாற்றும். நாம் எடுத்த நாளில் என்ன இருந்தது என்று காட்ட வேறு வழியில்லை. கொட்டேஷனில் எழுத்துருக் கட்டணம் என்று தனி வரி எழுதுகிறேன், உரிமம் யார் பெயரில் வாங்கப்படுகிறது என்பதையும் சேர்த்து.

காசு செலவழிக்க முடியாத வேலைகளுக்கு எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமம் என்ற பெயருள்ளவற்றைத் தேடுங்கள். அந்த உரிமத்தில் பாக்கெட், புத்தகம், பெயர்ப்பலகை என எதில் வேண்டுமானாலும் வணிகமாகப் பயன்படுத்தலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது, மாற்றி வெளியிட்டால் அதே உரிமத்திலேயே வெளியிட வேண்டும். தமிழுக்கே இப்படி நல்லவை பல உண்டு: ஹிந்த் மதுரை, முக்தா மலர், பலூ தம்பி, கேட்டமரான், நோட்டோ சான்ஸ் தமிழ். அக்காவின் புதிய பாக்கெட்டில் தமிழ் எழுத்து முழுவதும் முக்தா மலர்தான். ஆங்கிலப் பெயரை ஓர் ஓவியரிடம் 4,000 ரூபாய் கொடுத்துக் கையால் எழுதி வாங்கி, அந்த எழுத்தின் உரிமையை அக்காவுக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லி ஒரு தாளில் கையெழுத்தும் பெற்றேன். பழையதைவிட அது நன்றாகவே இருக்கிறது.

மே மாதம் எல்லாம் முடிந்தபின் என் கணினியில் இருந்த எழுத்துருக்களை எண்ணினேன், 1,140 இருந்தன. உரிமம் தெளிவாக இருந்த 212 போக மற்றவற்றை எடுத்துவிட்டேன். பழைய வேலைகளையும் திருப்பிப் பார்த்ததில், இன்னும் மூன்று வாடிக்கையாளர்களின் பாக்கெட்டுகளில் இதே வகைத் தவறு இருப்பது தெரிந்தது. இரண்டுக்கு, யாரும் கேட்பதற்கு முன்பே நானாகப் போய் உரிமம் வாங்கினேன். ஒன்று 39 டாலர், மற்றொன்று 25. மூன்றாவது எழுத்துருவை உருவாக்கியவரின் தளமே இப்போது இல்லை, மின்னஞ்சலுக்கும் பதில் வரவில்லை. அந்த ஊறுகாய்க் கம்பெனி முதலாளியிடம் நேரில் போய் நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் கோபமாகப் பேசினார், பிறகு கையிலிருக்கும் ரோல் தீரும்போது மாற்றிக்கொள்ளலாம் என்றார். புதிய எழுத்தோடு வடிவமைப்பைக் கூலி வாங்காமல் செய்து கொடுத்துவிட்டேன். ரோல் தீர இன்னும் இரண்டு மாதமாவது ஆகும் என்று அச்சகத்தில் சொல்கிறார்கள்.